ஆலடிக்குளத்து வட்டம்: மோட்டார் சைக்கிள் சுற்றிய மூன்று இடங்களுக்கு ஒரு பயணம்

அன்றைக்குக் கரையில் இருந்தவர்களை முதலில் சொல்லிவிடுகிறேன். என் அம்மா அன்னம்மாள். அப்பா போன பிறகு தையல் மெஷினை மிதித்து எங்களை வளர்த்தவள். என் அண்ணன் தேவதாசன், இருபது வயசு, நாகர்கோவிலில் ஒரு பஸ் பட்டறையில் வேலை. அப்பாவின் அக்கா, ஞானப்பூ அத்தை. அத்தை மகள் ரோசம்மாள். எனக்கு மைனி முறை, என்னைவிட இரண்டு வயசு மூப்பு. கோட்டாற்று ஜவுளிக்கடை வீட்டு மீரான், அண்ணனின் கூட்டாளி. கொழும்பிலிருந்து வந்த தாசையா. அப்புறம் நான், தங்கம், எட்டு வயசு. கரை நிறைய ஆள் நின்றது உண்மை. எனக்குக் கணக்கு இந்த ஏழு பேர்தான்.

முப்பத்தாறாம் வருஷம் கோயில்களை எல்லாருக்கும் திறந்துவிட்டார்களே திருவிதாங்கூரில், அதற்கு முந்தின பங்குனி முடிந்த சமயம். ஈஸ்டருக்கு மறுநாள் திங்கட்கிழமை. இடம் ஆலடிக்குளம், இரணியலுக்குப் பக்கம், எங்கள் பழைய ஊரை ஒட்டி.

இத்தனை காலம் அந்தப் பக்கம் தலைவைத்துப் படுக்காதவள் இப்போது ஏன் போனேன் என்றால், போன மாசியில் என் மகன் வந்து, "அம்மா, ஆலடிக்குளத்துல நாலுவழிச் சாலைக்கு மண்ணு கொட்டுகாங்க, பாதிக்குளம் போயாச்சு" என்றான். கேட்ட ராத்திரி தூக்கம் வரவில்லை. மண்டைக்காட்டு அம்மன் கொடை முடியட்டும் என்று காத்திருந்தேன். கொடைக்கூட்டத்துக்குள் ஆட்டோ நகராது. பங்குனி பிறந்து முதல் செவ்வாய்க்கிழமை கிளம்பினேன். குளத்தை மட்டும் பார்த்தால் போதாது, வண்டி சுற்றிய மூன்று இடத்தையும் வரிசையாகப் பார்க்க வேண்டும் என்று எனக்கு ஒரு பிடிவாதம். இந்தக் காலத்துப் பிள்ளைகளில் சிலருக்குப் பழைய மோட்டார் சைக்கிள் கதைகளில் ஆசை உண்டு என்று பேத்தி சொன்னாள். அவர்களுக்காகத்தான் எழுதுகிறேன். நான் சொல்லச் சொல்ல அவள் டைப் அடிக்கிறாள். பிழை இருந்தால் அவளைக் கேளுங்கள்.

காலை ஏழு மணிக்கு நாகர்கோவில். ஆட்டோக்காரர் பெயர் சுனில். அரை நாளுக்குத் தொள்ளாயிரம் ரூபாய் பேசினோம். சும்மா சொல்லக்கூடாது, நல்ல பையன். ஆனால் ஸ்பீடு பிரேக்கரில் மெதுவாகப் போகத் தெரியாது.

முதல் இடம் ஊருக்குள்ளேயே இருக்கிறது. இப்போது அங்கே செருப்புக்கடை, செல்போன்கடை எல்லாம் அடுக்கடுக்காக நிற்கின்றன. அந்தக் காலத்தில் வெறும் பொட்டல். நான் பிறக்கும் முன் ஒரு சர்க்கஸ் வந்து அங்கே கூடாரம் போட்டதாம். சிங்கத்தை விட்டுவிட்டு ஜனம் பார்த்தது மோட்டார் சைக்கிளில் வட்டம் சுற்றியவனைத்தானாம். சர்க்கஸ் போன பிறகும் வட்டம் போகவில்லை. பட்டறைப் பையன்களும் பணக்கார வீட்டுப் பையன்களும் சேர்ந்து, அரிசி மில்லிலிருந்து வண்டி வண்டியாகச் சாம்பல் கொண்டுவந்து கொட்டி, உருளை போட்டு இறுக்கி, தேர்வடம் வளைந்த மாதிரி ஒரு தடம் செய்தார்கள். தடம், களம் என்றெல்லாம் யாரும் சொல்லவில்லை. "வட்டத்துக்குப் போறேன்" என்பார்கள், அவ்வளவுதான்.

இந்த ஓட்டம் சாலையில் ஓடுகிற மாதிரி இல்லை. வண்டிக்குப் பிரேக் கிடையாது, கழற்றிவிடுவார்கள். எப்போதும் இடதுபக்கமாகவே திரும்பிச் சுற்ற வேண்டும். திருப்பத்தில் பின்சக்கரம் வழுக்கும். அப்போது இடதுகாலைத் தரையில் ஊன்றித் தேய்த்துக்கொண்டே போவார்கள். ஊன்றுகிற காலுக்கு இரும்பு அடிபோட்ட செருப்பு. என் அண்ணனுக்கு அதைச் செய்துகொடுத்தது கொல்லர். உடைந்த வில்வண்டிச் சக்கரத்து இரும்புப் பட்டாவை வெட்டி அடித்தது. இந்த இரும்புச் செருப்பை மறக்காதீர்கள்.

பக்கத்திலேயே பள்ளிக்கூடம், ஆஸ்பத்திரி. சத்தம் தாங்காமல் புகார் போனது, வட்டம் ஊரைவிட்டுப் போனது. நான் போய் நின்றபோது கடைக் காவல்காரர், "பாட்டி, வண்டி நிக்கிற எடம், ஒதுங்குங்க" என்றார். நின்றது அரை நிமிஷம். எனக்கு அந்த மனுஷனின் மீசை நினைவிருக்கும்.

அங்கிருந்து மண்டைக்காடு இருபது கிலோமீட்டர், ஐம்பது நிமிஷம். ரோசம்மாள் மைனி மகனோடு அங்கேதான் இருக்கிறாள். அவளையும் கூட்டிக்கொள்வதாக ஏற்பாடு. மைனியோடு எனக்குப் பேச்சு உண்டு. கல்யாணம், சாவு எல்லாவற்றிலும் பக்கத்தில் பக்கத்தில் உட்காருவோம். ஆனால் அவள் அம்மாவின் பேச்சை எடுத்தால் நான் எழுந்து போய்விடுவேன். அது அவளுக்கும் தெரியும், எடுக்கமாட்டாள். வாசலில் கைத்தடியோடு தயாராக நின்றாள். ஆட்டோவில் ஏறியதும், "ஏட்டி தங்கம், நீ மெலிஞ்சு போனியே, மருமவ சோறு போடமாட்டேங்காளா?" என்றாள்.

"போடுகா. நீ தின்னத மிச்சம் வச்சாலுல்லா எனக்குக் கிடைக்கும்?" என்றேன். சுனில் சிரித்தார்.

கடற்கரை இரண்டாவது இடம். வேலி இறக்கத்தில், அதாவது கடல் உள்வாங்கும்போது, ஈரமணல் பாறைமாதிரி இறுகிக் கிடக்கும், அதில் கொடி நட்டு வட்டம் கட்டினார்கள். இரண்டு கோடைகூடத் தாங்கவில்லை. உப்புக்காற்றில் சங்கிலி துருப்பிடித்தது. கரைமடி வலை இழுக்கிறவர்களுக்கு இடம் போதவில்லை. அவர்கள் சொன்னது நியாயம். கடலை நம்பிப் பிழைக்கிறவன் வலையைப் போடுவானா, இவர்கள் வண்டிக்கு வழி விடுவானா? சண்டை ஒன்றும் இல்லாமல் எழுந்து வந்துவிட்டார்கள். மைனி தண்ணீர் பக்கம் போகவில்லை, ஆட்டோவிலேயே உட்கார்ந்து குளத்துப் பக்கமே பார்த்துக்கொண்டிருந்தாள். கடலில் பார்க்க ஒன்றும் இல்லை என்பது எங்கள் இருவருக்கும் தெரியும்.

ஒன்பதரைக்கு அங்கிருந்து கிளம்பினோம். இரணியல் வழியாக ஆலடிக்குளம் ஒன்பது கிலோமீட்டர். திங்கள்சந்தையில் ஒரு டீ. வடை பழசு, கடைக்காரர் பழசு இல்லை என்று சத்தியம் செய்தார். அந்தக் கடையில் இனி நான் குடிக்கமாட்டேன்.

மூன்றாவது வட்டத்தைப் பற்றிச் சொல்கிறேன். நாஞ்சில் நாட்டுக் குளங்கள் இரண்டாம்பூ, அதாவது இரண்டாம் போக நெல், அறுத்த பிறகு பங்குனி சித்திரையில் வற்றிவிடும். குளத்தின் அடிமண் வெயிலில் காய்ந்து கிடக்கும், சுற்றிலும் கரை இருப்பதால் பார்க்கிறவர்களுக்கு உட்கார இடமும் ஆயிற்று. மீரான்தான் முதலில் பார்த்துச் சொன்னது. அவனிடம் ஒரு தோட்டத்துத் துரை விற்றுவிட்டுப் போன வண்டி இருந்தது. என் அண்ணனிடம் இருந்தது நாலு வண்டியின் இரும்பைச் சேர்த்து அவனே கட்டிய வண்டி. கோடைக்குக் கோடை ஓட்டினார்கள். காய்ந்த குளத்தில் ஒரே தொல்லை, வெடிப்பு. சக்கரம் வெடிப்பில் மாட்டாமலிருக்க மணல் கொண்டுவந்து நிரப்புவார்கள்.

அந்த வருஷம் கொழும்பிலிருந்து தாசையா வந்தார். அங்கே பெரிய மைதானத்தில் வட்ட ஓட்டம் நடத்துகிறவர்களுக்கு ஆள் பிடிக்க வந்தவர். ஈஸ்டர் திங்கட்கிழமை ஓட்டத்தில் யார் முந்துகிறானோ அவனைக் கப்பலேற்றுவதாகச் சொன்னார். அண்ணனுக்கு அதுதான் உயிர். அம்மாவுக்கும்தான். பட்டறைக் கரியிலிருந்து பிள்ளை வெளியே வருவான், எங்களைக் கரையேற்றுவான் என்று நாள் முழுக்க அதே பேச்சு. அவனுக்கு வெள்ளைச் சட்டை தைத்து, கஞ்சிபோட்டுத் தேய்த்து, பெட்டியில் வைத்திருந்தாள்.

எங்கள் வீடும் அத்தை வீடும் அடுத்தடுத்து. நடுவில் வேலி. வேலியோரம் ஒரு வருக்கைப் பலாமரம். அப்பா உயிரோடிருந்தவரை அதன் பழம் இரண்டு வீட்டுக்கும் பொது. அவர் போன வருஷம் முதல் பழத்தை அத்தை கேட்காமல் அறுத்தாள் என்று அம்மா சொன்னாள், மரம் என் தம்பி நட்டது என்று அத்தை சொன்னாள். அதோடு நின்ற பேச்சுதான். எதிரே வந்தால் முந்தானையைத் தலைக்கு இழுத்துக்கொண்டு ஒதுங்குவார்கள். நாலு வருஷம் அப்படி.

ஈஸ்டருக்கு முந்தின சனிக்கிழமை பொழுது சாயும்போது அத்தை வீட்டிலிருந்து கெளுத்தி மீன் குழம்பு மணம் வந்தது. அம்மாவுக்கு லெந்து விரதம், ஈஸ்டர்வரை மீன் இறைச்சி தொடமாட்டாள். எங்கள் சபையில் அப்படிக் கட்டளை இல்லை, அவளாக வைத்துக்கொண்டது. கொஞ்ச நேரத்தில் ரோசம்மாள் ஒரு சட்டியை மூடி எடுத்துக்கொண்டு எங்கள் வாசலுக்கு வந்தாள். நான் கதவுக்குப் பின்னால் நின்றேன். அவள் வாயைத் திறந்து "மாமி, மேலக்குளத்து..." என்றாள். அம்மா சட்டியைப் பிடுங்கிச் சாம்பல் குழியில் கவிழ்த்தாள். "லெந்துல மீனக் குடுத்து என்னையப் பரிகாசம் பண்ணுகாளா உனக்க அம்மை? போ பிள்ள" என்று கதவை அடைத்தாள்.

அண்ணன் பட்டறையிலிருந்து வந்ததும் மூக்கை உறிஞ்சினான். "என்னம்மா, குளத்து மீனு மாதிரியில்லா மணக்கு? குளம்தான் காஞ்சு கெடக்கே. எங்கயாவது தண்ணி விட்டாங்களோ? அத்தகிட்டப் போய்க் கேக்கட்டா?"

"அவ வாசல்ல போய் நிப்பியா? நின்னா அப்படியே அங்கயே இரு. இஞ்ச வராத" என்றாள் அம்மா. அண்ணன் சிரித்துக்கொண்டே கைகழுவப் போனான்.

மறுநாள் ஈஸ்டர். எல்லாரும் கோயிலில். யாரும் வட்டத்துக்குப் போகவில்லை, போகவும் கூடாது. திங்கட்கிழமை காலையில் பார்த்தால் வட்டத்தின் கிழக்குத் திருப்பத்தில் ஒரு வெடிப்பு இல்லை. மெழுகிவிட்ட தரைமாதிரிப் பளபளவென்று கிடந்தது. "ஏலே தேவதாசு, நம்ம தொல்ல தீந்துது, யாரோ ராவோடராவா நிரப்பிப் போட்டிருக்கான்" என்று மீரான் துள்ளினான். அண்ணன் குனிந்து கையால் தடவிப் பார்த்தான். மேலே காய்ந்துதான் இருந்தது. எங்கள் வீடுகளில் யாருக்கும் வயல் கிடையாது. மீரான் வீட்டில் துணிக்கடை. வெடிப்பு விழாத குளத்துமண் உள்ளே ஈரமாயிருக்கும் என்று சொல்ல அந்த இடத்தில் ஒருத்தரும் இல்லை.

நடந்தது இதுதான். சனிக்கிழமை மத்தியானம் ஊர் முதலடி, அதாவது எங்கள் ஊர்த் தலைவர், தன் வாழைத்தோப்புக்காக மேலக்குளத்து மடையைத் திறந்திருக்கிறார். மடை திறக்கும் முன் பறையடித்து ஊருக்குச் சொல்ல வேண்டும், அது முறை. இது முறைக்கு மிஞ்சித் திறந்த தண்ணீர், அதனால் பறை அடிக்கவில்லை. தோப்பு குடித்து மிஞ்சியது வழிந்து ஆலடிக்குளத்தின் கிழக்கு மூலையில் ஊறியது. அதோடு வந்ததுதான் அந்தக் கெளுத்தி.

மூன்றாவது சுற்றில் அண்ணன் முன்னால் வந்தான். கரையில் நின்று அம்மா கை தட்டினாள். அவள் கை தட்டி நான் பார்த்தது அந்த ஒருதரம். கிழக்குத் திருப்பத்தில் இடதுகாலை ஊன்றினான். பொருக்கு உடைந்து இரும்புச் செருப்பு உள்ளே போனது. கால் சகதியில் நின்றுவிட்டது. வண்டி நிற்கவில்லை. மாட்டுவண்டியில் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனோம். பாதி வழியில் வண்டிக்காரர் மாட்டைத் தட்டுவதை நிறுத்திவிட்டார். அதிலிருந்து எனக்குத் தெரிந்தது.

அன்றோடு வட்டம் முடிந்தது. ஆலடிக்குளத்திலும் இல்லை, வேறெங்கும் இல்லை. மீரான் வண்டியை விற்றான். அத்தை அண்ணனின் அடக்கத்துக்கு வந்து தூரத்தில் நின்றாள். அம்மா அவளைக் காட்டி ஊர்முன் சொன்னாள்: "மடை தொறந்தது இவளுக்குத் தெரியும். மீனு பிடிச்சுத் தின்னா. எனக்க பிள்ளைக்கு ஒரு வார்த்த சொல்லல்ல." அத்தை முந்தானையைத் தலைக்கு இழுத்துக்கொண்டு திரும்பிப் போனாள். அந்தப் பழியைச் சுமந்துகொண்டே கிழவியாகி அத்தை செத்தாள். சாவுக்கு அம்மா என்னைப் போகவிடவில்லை. நானும் அம்மா சொன்னதைத்தான் பிடித்துக்கொண்டு இத்தனை காலம் இருந்தேன்.

பத்துமணிக்குக் குளத்துக்கரை ஏறினோம். வடகரை இருக்கிறது. தெற்கே பாதிக்குமேல் செம்மண் மேடு, அதன்மேல் லாரிகள். ஒரு லாரிக்காரர், "பாட்டி, அங்க நிக்காதிய, மண்ணு சரியும்" என்று கத்தினார். "சரியட்டும், நாங்க பாக்க வந்தது அதத்தான்" என்றேன். மைனியால் வெகுநேரம் நிற்க முடியாது. கரையில் துண்டை விரித்து இருத்தினேன். கிழக்கு மூலை இன்னும் மூடவில்லை. வெடித்துக் கிடந்தது.

மைனி கைத்தடியால் அந்த மூலையைக் காட்டினாள். பிறகு, "நாளைக்கி இதும் மூடிரும். இன்னா சொல்லுகேன், எந்திச்சுப் போவாம கேளு" என்றாள்.

"அத்த பேச்சுன்னா வேண்டாம்."

"அத்த பேச்சுதான். அன்னைக்கி நான் சட்டி கொண்டு வந்தேனே, அம்மை என்னத்துக்கு விட்டான்னு தெரியுமா? மீனு ஒரு சாக்கு. 'மேலக்குளத்து மடை தொறந்திருக்கு, தண்ணி கீழ எறங்கும், தேவதாசுகிட்டச் சொல்லுங்க'ன்னு மாமிட்டச் சொல்லிட்டு வான்னாக்கும் விட்டா. வெறுங்கையோட வந்தா உனக்க அம்மை கதவு தொறப்பாளா? அதுக்கு மீனு."

"பிறகு ஏன் அண்ணங்கிட்ட நேரா சொல்லல்ல?"

"திங்கக்கிழம காலம்பற அம்மை கரையில வந்து பாத்தா. காஞ்சு கெடந்துது. தண்ணி எங்கயோ வடிஞ்சிற்றுன்னு எல்லாரையும் போல நெனச்சா. அப்பந்தான் அவளுக்கு மூச்சே வந்துது."

"அடக்கத்துல ஊர்முன்ன சொன்னப்ப வாயத் தொறந்திருக்கலாமே?"

மைனி என்னைப் பார்த்தாள். "நானும் அதத்தான் கேட்டேன். 'செத்தது அவளுக்க பிள்ள. நீதான் கதவ அடைச்சன்னு அவ மூஞ்சியப் பாத்துச் சொல்லச் சொல்லுதியா? அவ உயிரோட இருக்கணுமே'ன்னா. எங்கிட்டயும் சத்தியம் வாங்கினா. உனக்க அம்மைக்கு எல்லாம் தெரியும் தங்கம். நான் 'மேலக்குளத்து மடை தொறந்திருக்கு'ன்னு முழுசாட்டுத்தான் சொன்னேன்."

கதவுக்குப் பின்னால் நின்ற எனக்கு "மேலக்குளத்து" என்பது வரைதான் கேட்டது. சட்டி கவிழ்ந்த சத்தத்தில் மிச்சம் போய்விட்டது. ஆனால் முன்னால் நின்றவளுக்குக் கேட்டிருக்கும். நான் எழுந்து போகவில்லை. மைனியின் கையைப் பிடித்துக்கொண்டு, லாரிகள் மண் கொட்டுவதை இரண்டு பேரும் பார்த்துக்கொண்டிருந்தோம். சுனில் வந்து "பாட்டிமாரே, வெயிலு ஏறுது" என்று கூப்பிட்டபோது பதினொன்றரை.

போகிறவர்களுக்குச் சில விஷயம். நாகர்கோவிலிலிருந்து இரணியல் பக்கம் பஸ் நிறைய உண்டு; இறங்கி ஆட்டோ பிடியுங்கள். இரணியலில் ரயிலும் நிற்கும், எங்கள் காலத்தில் ரயிலே கிடையாது. காலை பத்துக்குள் கரையேறிவிடுங்கள், நிழல் ஒரு பொட்டு இல்லை, ஆலமரம் பெயரில் மட்டும்தான். தண்ணீரும் குடையும் வேண்டும். வடகரையில் மட்டும் நில்லுங்கள். வரும் மழைக்கு முன் போனால்தான் கிழக்கு மூலை பார்க்கக் கிடைக்கும். போனால், குளத்துமண்ணில் வெடிப்பு இல்லாத இடத்தில் காலை வைக்காதீர்கள், பார்க்க எவ்வளவு அழகாயிருந்தாலும்.

வழியில் மைனி, "இனி எனக்க அம்மைமேல கோவம் இல்லையே?" என்று கேட்டாள். இல்லை என்றேன். மண்டைக்காட்டில் அவளை இறக்கும் முன் கல்லறைத் தோட்டத்தில் வண்டியை நிறுத்தச் சொல்லி, அத்தை கல்லறையில் படிந்திருந்த சருகைக் கையால் தள்ளினேன். சுனில் காத்திருந்ததற்குக் காசு கேட்கவில்லை.

முதலடியை எப்போதோ மன்னித்தேன். அடக்கத்தன்று தோளில் துண்டில்லாமல் வந்து நின்றார், அதன்பிறகு பறை அடிக்காமல் மடை தொடவில்லை. ஆசைகாட்டிய தாசையாவை மன்னித்தேன். துள்ளிய மீரானை மன்னித்தேன். அவன் கடைசிவரை ஈஸ்டருக்கு எனக்குத் துணி அனுப்பினான். கதவை அடைத்ததைக்கூட மன்னிப்பேன், கோபத்தில் யாரும் அடைப்பார்கள். ஆனால் காதில் விழுந்ததை விழவில்லை என்று வைத்துக்கொண்டு, தெரிந்தே அடுத்தவள் தலையில் பழியை ஏற்றி, அவள் சாகும்வரை இறக்காமல், என் கையாலும் அதைப் பிடிக்கவைத்தவளை மன்னிக்க மாட்டேன். அவள் பெயர் அன்னம்மாள்.